உணவோடும் உடலோடும் நல்லுறவை வளர்க்கும் வடிவமைப்பு: ஒரு முழுமையான வழிகாட்டி

2017 அக்டோபரில் கூகுள் மேப்ஸ் செயலி, ஐபோன் பயனர்களிடம் ஒரு புதிய வசதியைச் சோதித்துப் பார்த்தது. நடந்து செல்ல வழி கேட்டவருக்கு, அந்த நடையில் எத்தனை கலோரி செலவாகும் என்பதையும், அது எத்தனை சிறிய கப்கேக்குகளுக்குச் சமம் என்பதையும் சேர்த்துக் காட்டியது. வழி கேட்டவர்கள் கலோரியைக் கேட்கவில்லை. அந்தக் கணக்கை நிறுத்திவைக்க ஒரு பொத்தானும் இல்லை. கடும் எதிர்ப்பு எழுந்ததும் கூகுள் அதை விரைவாகவே நீக்கிவிட்டது. அந்த வசதியை உருவாக்கியவர்கள் மக்களை நடக்கத் தூண்டவே விரும்பியிருப்பார்கள். ஆனால், சாப்பிட்டதற்கு ஈடாக உடலை வருத்தியாக வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து மீண்டுவரப் போராடும் ஒருவரிடம், அதே எண்ணத்தை ஒரு வரைபடத்தின் ஓரத்தில் வைத்து அது நீட்டியது.

உணவுச் செயலி, உடற்பயிற்சிக் கருவி, சமையல் குறிப்புத் தளம், உணவக மெனு, மருத்துவமனையின் காத்திருப்பு அறை ஆகியவற்றில் எதை வடிவமைப்பவராக இருந்தாலும் இந்த வழிகாட்டி அவருக்கானது. உணவோடு நல்லுறவு என்பதை இங்கே எளிமையாகவே பொருள்கொள்கிறேன்: பசிக்கும்போது சாப்பிடுவது, போதும் என்று தோன்றும்போது நிறுத்துவது, சாப்பிட்டதை நினைத்து நாள் முழுவதும் நொந்துகொள்ளாமல் அடுத்த வேலையைப் பார்ப்பது, உடலின் அளவை வைத்துத் தன் மதிப்பைத் தீர்மானிக்காமல் இருப்பது. இந்த உறவை ஒரு திரையால் உருவாக்கித் தர முடியாது; ஆனால் அதைக் கெடுக்க முடியும், கெடுக்காமல் இருக்க முடியும், சில இடங்களில் தாங்கிப் பிடிக்கவும் முடியும். அதற்கு நான் பற்றிக்கொள்ளும் கொள்கை ஒன்றே: தகவலைக் கேட்டவருக்குக் கொடுக்கலாம், தீர்ப்பை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு கொள்கையை வெவ்வேறு இடங்களில் நடைமுறைப்படுத்துபவைதாம்.

படி 1: யாருக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதை முதலில் எழுதுங்கள்

ஒரு திட்டம் தொடங்கும்போது அது யாருக்குப் பயன்படும் என்பதை எழுதுவது வழக்கம். உணவு தொடர்பான திட்டத்தில் அதற்கும் முன்னால், அது யாரைக் காயப்படுத்தக்கூடும் என்பதை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். உண்ணும் கோளாறிலிருந்து (உணவையும் எடையையும் பற்றிய எண்ணங்களே வாழ்வை ஆட்டிப்படைக்கும் உளநோயிலிருந்து) மீண்டுவருபவர், உடல் மாறிக்கொண்டிருக்கும் பதின்வயதினர், குழந்தை பெற்ற சில மாதங்களில் தன் உடலை அடையாளம் காண முடியாமல் தவிப்பவர், பெரிய உடலுடையவர் என்பதற்காகவே வாழ்நாள் முழுவதும் அறிவுரை கேட்டுச் சலித்தவர், நீரிழிவு காரணமாக மாவுச்சத்தை எண்ணியே தீரவேண்டியவர் ஆகிய ஐவரையாவது அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள். இவர்களில் பெரும்பாலோரை வெளித்தோற்றத்தால் கண்டுபிடிக்க முடியாது. உண்ணும் கோளாறு மெலிந்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை. எல்லா அளவு உடல்களிலும், எல்லாப் பாலினத்தவரிடமும் வருகிறது. உளநோய்களில் உயிரிழப்பு மிகுந்தவற்றுள், எடை கூடும் அச்சத்தால் உணவைக் கடுமையாகக் குறைக்கும் அனோரெக்ஸியாவும் ஒன்று என்பதால், இது நுணுக்கமான ரசனை சார்ந்த விஷயம் அன்று, உயிர் சார்ந்த விஷயம்.

கட்டுப்பாடு மனதை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 1944-45இல் நடத்திய அரைப்பட்டினி ஆய்வைப் பற்றிப் படிப்பது நல்லது. உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள், சுமார் 24 வாரங்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவிலான உணவோடு வாழ்ந்தார்கள். எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவர்களுடைய மனநிலை: எந்நேரமும் உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள், தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் பிசைந்து உண்டார்கள், எரிச்சலும் சோர்வும் கொண்டு மனிதர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலரால் எவ்வளவு உண்டாலும் நிறைவடைய முடியவில்லை. உடலுழைப்பும் உடலமைப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றாலும், பல செயலிகள் தயக்கமே இல்லாமல் முன்வைக்கும் 1,200 கலோரி இலக்கு அந்த ஆய்வின் அளவைவிடக் குறைவு என்பதை வடிவமைப்பவர் மறக்கக் கூடாது.

திரையின் வலிமையைக் காட்டும் இன்னொரு ஆய்வு ஃபிஜித் தீவுகளில் நடந்தது. தொலைக்காட்சி 1995இல்தான் வந்துசேர்ந்த நட்ரோகா பகுதியில், மானிடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கர் பள்ளி மாணவியரிடம் உண்ணும் பழக்கம் பற்றிய ஒரு வினாத்தாளைக் கொடுத்தார். தொலைக்காட்சி வந்த புதிதில் கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 விழுக்காடு, 1998இல் அதே வினாத்தாளை நிரப்பிய மாணவியரில் அது 29.2 விழுக்காடு. அந்தத் தொலைக்காட்சிக்கு அம்மாணவியரின் பெயர்கூடத் தெரியாது. இன்றைய திரைக்கு ஒருவரின் உயரம், எடை, நேற்றைய இரவு உணவு எல்லாமே தெரியும்.

செயலிகளைப் பொறுத்தவரை, உண்ணும் கோளாறு உள்ள 105 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ முக்கால் பங்கினர் பிரபலமான ஒரு கலோரிக் கணக்குச் செயலியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 73 விழுக்காட்டினர் தம் நோயில் அதற்குப் பங்கு உண்டு என்றே கருதினார்கள். செயலிதான் நோயை உண்டாக்கியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நோயுற்றவர்கள் உங்கள் செயலிக்கு வரமாட்டார்கள் என்று எண்ணவும் இனி வழியில்லை.

ஆகவே, முதல் முன்மாதிரிக்கு முன்பே, உண்ணும் கோளாறுகளில் பயிற்சி பெற்ற மருத்துவர் அல்லது ஆலோசகர் ஒருவரையும், மீண்டுவந்தவர்கள் சிலரையும் உரிய ஊதியத்தோடு குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் பேசும்போது மிகக் குறைந்த எடை எவ்வளவு, எத்தனை கலோரி உண்டீர்கள் என்றெல்லாம் எண்களைக் கேட்காதீர்கள். உங்களுக்குத் தேவையானது எந்தத் திரையில் எந்தக் கணத்தில் என்ன தோன்றியது என்பதுதான்.

படி 2: எடையைக் கேட்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்

பெரும்பாலான செயலிகளில் முதல் சந்திப்பே ஒரு படிவம்தான். பெயர், வயது, பாலினம், உயரம், எடை, அதற்கடுத்து இலக்கு எடை. இலக்கு எடைக்கு ஒரு நகர்த்துபட்டை இருக்கும்; அதை எவ்வளவு கீழே இழுத்தாலும் அது மறுப்புச் சொல்லாது. உணவைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாத அந்த ஒரு நிமிடத்திலேயே, உங்கள் உடல் திருத்தப்பட வேண்டிய ஒன்று என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் சுட்டிக்காட்டி, இது இல்லாவிட்டால் எது இயங்காது என்று குழுவினரிடம் கேளுங்கள். சமையல் குறிப்புச் செயலிக்கு எடை தேவையில்லை. நடையை எண்ணும் கருவிக்குக் கலோரியைக் காட்டாதவரை எடை தேவையில்லை. மருந்தளவைக் கணக்கிடும் செயலிக்கு உண்மையிலேயே தேவைப்படலாம். அப்போது பதிவின்போது கேட்காமல், தேவைப்படும் இடத்தில், காரணத்தை ஒரே வரியில் சொல்லிக் கேளுங்கள். "சொல்ல விரும்பவில்லை" என்ற பொத்தான் மற்றப் பொத்தானின் அதே அளவில், அதே நிறத்தில் இருக்கட்டும். சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்தாக மூலையில் ஒதுக்கப்பட்ட மறுப்பு, மறுக்கும் உரிமை ஆகாது.

இலக்கு எடை என்ற கட்டம் இல்லாமலே திட்டம் நடக்குமா என்று கடைசிவரை பாருங்கள். நடக்காது என்றால் மூன்று காப்புகள் வேண்டும்: செயலி தானாக எந்த எடையையும் பரிந்துரைக்கக் கூடாது; மருத்துவ ரீதியாக ஆபத்தான எண்ணை ஏற்கக் கூடாது; 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த வசதியே திறக்கக் கூடாது. மூன்றாவதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் என உணவுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துக் காட்டிய குர்போ என்ற எடைகுறைப்புச் செயலி, வெயிட் வாட்சர்ஸ் நிறுவனத்தால் 2019இல் வெளியிடப்பட்டது. 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோரின் உரிய ஒப்புதலின்றிச் சேகரித்ததாக அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்ததில், 2022 மார்ச்சில் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும், அந்தத் தகவல்களையும் அவற்றைக் கொண்டு உருவாக்கிய அல்காரிதங்களையும் அழிக்கவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்கு தனியுரிமை பற்றியது. எட்டு வயதுக் குழந்தைக்குச் சிவப்பு விளக்கு உணவைக் கற்பிப்பது சரியா என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை. வடிவமைப்பவர் கேட்டே ஆக வேண்டும்.

உயரத்தையும் எடையையும் வாங்கியவுடன் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு) எண்ணைக் கணக்கிட்டு வண்ணப் பட்டையில் காட்டும் வழக்கத்தையும் கைவிடலாம். அதன் சூத்திரம் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற புள்ளியியல் அறிஞர் சராசரி மனிதனை வரையறுக்க முயன்றபோது பிறந்தது. இன்றைய பெயரை அதற்கு 1972இல் கொடுத்தவர், முன்பு சொன்ன அதே ஆன்சல் கீஸ். மக்கள் கூட்டத்தைப் பற்றி ஆராயப் பயன்படும் அந்த எண், தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது உடலில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. அமெரிக்க மருத்துவச் சங்கமே 2023இல், அதைத் தனித்த அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. மருத்துவரே தனித்துப் பயன்படுத்தத் தயங்கும் எண்ணை, முன்பின் அறியாத ஒருவருக்கு ஒரு செயலி சிவப்பு நிறத்தில் காட்டுவதற்கு நியாயமே இல்லை.

படி 3: உணவுப் பதிவுத் திரையை மறுபடியும் வரையுங்கள்

தீங்கு மிக நெருக்கமாக நிகழும் இடம் இதுதான் என்பதால், ஒரு திரையை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்ப்போம்.

இரவு ஒன்பதரை மணி. நாள் முழுவதும் வேலை பார்த்த ஒருவர் இரவு உணவைச் செயலியில் பதிவு செய்கிறார். திரையின் உச்சியில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், கழித்தல் குறியோடு 180 என்ற எண் சிவப்பாக நிற்கிறது. அதன் கீழே "இன்றைய வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்" என்ற வரி. அதற்கும் கீழே, ஒரு மணி நேரம் நடந்தால் இதை ஈடுகட்டலாம் என்ற பரிந்துரை. நாளை முடித்துவைக்கும் பொத்தானை அழுத்தினால், எல்லா நாட்களும் இன்றுபோல இருந்தால் ஐந்து வாரத்தில் உங்கள் எடை இவ்வளவு ஆகும் என்ற ஆரூடம் வருகிறது.

இந்தத் திரையில் உணவு எங்கே இருக்கிறது? அவர் என்ன சாப்பிட்டார், யாரோடு சாப்பிட்டார், பசி தீர்ந்ததா என்பதற்கு இடமே இல்லை. கடன் கணக்கு மட்டும் இருக்கிறது. அந்தக் கணக்கும் பார்ப்பதற்குத்தான் துல்லியமானது. அமெரிக்க விதிப்படி, பொட்டலத்தில் அச்சிட்ட கலோரியைவிட உண்மையான அளவு 20 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தாலும் அது விதிமீறல் ஆகாது. பரிமாறிய அளவைக் கண்ணால் மதிப்பிட்டதில் உள்ள பிழையையும், நடையில் செலவான கலோரியைக் கருவி ஊகித்ததில் உள்ள பிழையையும் சேர்த்தால், 180 என்பது ஏறத்தாழ எதையும் சொல்லாத எண். எதையும் சொல்லாத ஓர் எண்ணின் பெயரால் ஒருவர் மறுநாள் காலை உணவைத் தவிர்க்கிறார் என்பதே என்னை மிகவும் வருத்தும் செய்தி.

இனி அதே திரையை மாற்றி அமைப்போம். உச்சியில் அன்று அவர் உண்டவை, அவர் எழுதிய சொற்களிலோ எடுத்த படத்திலோ இருக்கட்டும். எண்கள் முகப்பில் வேண்டாம். "சத்து விவரம்" என்ற பகுதியைத் தட்டினால் திறக்கட்டும், அங்கேயும் 1,843 என்று காட்டாமல் ஏறத்தாழ எவ்வளவு என்ற வீச்சாகக் காட்டுங்கள். சிவப்பும் பச்சையும் தீர்ப்பின் நிறங்களாகப் பழகிவிட்டதால், எல்லா உணவுக்கும் ஒரே நடுநிலை நிறம் போதும். மீதம், வரம்பு, ஈடு ஆகிய மூன்றையும் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். எடை பற்றிய ஆரூடத்துக்கு எந்த வடிவிலும் இடம் வேண்டாம்.

எண்ணுக்குப் பதிலாகக் கேட்கத் தகுந்த கேள்விகள் உண்டு: சாப்பிடும் முன் பசி எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, உணவு பிடித்திருந்ததா. இவை விருப்பப்பட்டால் பதில் சொல்லும் கேள்விகளாக இருக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பசி அளவுகோலையும் மதிப்பெண்ணாக மாற்றிவிட முடியும். பத்துக்கு ஏழுக்கு மேல் பசி இருந்தபோது மட்டும் சாப்பிட்டீர்கள், வாழ்த்துகள் என்று செயலி சொன்ன அந்த நொடியில், உடலின் குரலைக் கேட்கும் பழக்கம் இன்னொரு கட்டுப்பாட்டு விதியாகிவிடுகிறது. பிறந்தநாளில் பசியில்லாமல் ஒரு துண்டு கேக் சாப்பிடுவதும் நல்லுறவின் ஒரு பகுதிதான். ஆகவே இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் என்று ஒன்று இருக்கக் கூடாது. சராசரியும் வரைபடமும்கூட வேண்டாம்.

குறைவாகச் சாப்பிட்டதற்கு எந்தச் சூழ்நிலையிலும் பாராட்டு வரக் கூடாது. தொடர்ந்து சில நாட்கள் மிகக் குறைவாகவே பதிவாகியிருந்தால், பதிவு செய்ய மறந்திருக்கலாம் என்ற சாத்தியத்தையும் ஏற்று, "சில நாட்களாகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. பதிவு செய்வது சுமையாக இருந்தால் நிறுத்திவைக்கலாம். சாப்பிடுவதே கடினமாக இருந்தால் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்" என்ற அளவில் சொல்லி, உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

நீரிழிவு உள்ளவரை நான் மறக்கவில்லை. இன்சுலின் எடுப்பவருக்கு மாவுச்சத்தின் அளவு அன்றாடத் தேவை. அவரிடமிருந்து எண்ணை மறைப்பது தீங்கு. அவருக்கு வேண்டிய அந்த ஒரு சத்தை முகப்பிலேயே வைக்க அனுமதியுங்கள்; ஆனால் அதோடு கலோரியையும் எடையையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்காதீர்கள். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகக் காட்டவும் மறைக்கவும் முடிவதுதான் நல்ல அமைப்பு.

படி 4: சொற்களைச் சலித்தெடுங்கள்

செயலியில் உள்ள எல்லா வாக்கியங்களையும், பிழைச் செய்திகள் உட்பட, ஒரே கோப்பில் திரட்டி உரக்கப் படியுங்கள். குற்ற உணர்வின்றிச் சாப்பிடலாம், தொப்பையைக் கரைக்கும், சீட் மீல் (கட்டுப்பாட்டை மீறி உண்ணும் ஒருவேளை உணவு), கெட்ட உணவு, வாயைக் கட்டுங்கள், நேற்றுக் கொஞ்சம் அத்துமீறிவிட்டீர்களா போன்ற தொடர்கள் எத்தனை இடங்களில் ஒளிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். குற்ற உணர்வின்றி என்று எழுதும்போதே, மற்ற உணவுகளைச் சாப்பிட்டால் குற்ற உணர்வு வரவேண்டும் என்று சொல்லிவிடுகிறோம்.

மாற்றுச் சொற்கள் எளிமையானவை. உணவை அதன் பெயராலும், சுவையாலும், செய்முறையாலும், தரும் பயனாலும் சொல்லுங்கள்: நார்ச்சத்து மிகுந்தது, நெடுநேரம் பசி தாங்கும், பத்து நிமிடத்தில் தயாராகும், மொறுமொறுப்பாக இருக்கும். உடலைப் பற்றிப் பேச நேர்ந்தால் அது செய்வதைப் பேசுங்கள், தோன்றுவதைப் பேசாதீர்கள். நன்றாகத் தூங்கினீர்களா, படியேறும்போது மூச்சு வாங்கியதா என்பவை பயனுள்ள கேள்விகள். மெலிந்துவிட்டீர்கள் என்ற பாராட்டுகூட வேண்டாம். நோயாலோ துயரத்தாலோ மெலிந்தவருக்கும் அதே பாராட்டுப் போய்ச் சேரும்.

படி 5: நினைவூட்டல்களுக்கும் தொடர்நாள் கணக்குக்கும் ஓய்வு கொடுங்கள்

ஒரு நாள்கூட விடாமல் செய்தவற்றை எண்ணும் ஸ்ட்ரீக் என்ற உத்தி, மொழி கற்பதற்கு உதவலாம். உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் அது பொருந்தாது. காய்ச்சல், மாதவிடாய், துக்கம், பயணம், ஓய்வு எல்லாமே அந்தக் கணக்கில் தோல்வியாகிவிடுகின்றன. ஆப்பிள் வாட்ச் கருவியில், அன்றைய இலக்கு நிறைந்ததும் மூடிக்கொள்ளும் உடற்பயிற்சி வளையங்களை நிறுத்திவைக்கும் வசதி 2024இல், வாட்ச்ஓஎஸ் 11 பதிப்பில்தான் வந்தது. கருவி 2015இல் விற்பனைக்கு வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், காய்ச்சலோடு நடந்து வளையத்தை மூடியவர்கள் எத்தனை பேரோ என்று தோன்றுகிறது. உங்கள் தயாரிப்பில் ஓய்வு நாள் முதல் பதிப்பிலேயே இருக்கட்டும்; அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

அறிவிப்புகள் பயனர் தாமே கேட்டாலொழிய வரக் கூடாது. சாப்பிட மறப்பவருக்கு, மதிய உணவு நேரம் என்ற ஒரு வரி உண்மையான உதவி. இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்ற வரி, பசியோடு இருப்பவரை அவருடைய சொந்த வயிற்றுக்கு எதிராக நிறுத்துகிறது.

படி 6: படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்

பெரிய உடலுடையவர்களைப் பற்றிய செய்திகளில் தலையில்லாமல் வயிற்றை மட்டும் காட்டும் படங்கள் வருவதைப் பார்த்திருப்போம். முகத்தை வெட்டிய பிறகு அங்கே மனிதர் இல்லை, பிரச்சினை மட்டும்தான் இருக்கிறது. உங்கள் தயாரிப்பில் எல்லா அளவினரும் முகத்தோடு, உடையோடு, சமைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருக்கட்டும்; பெரிய உடல் எடைகுறைப்புப் பகுதியில் மட்டும் தலைகாட்டுவது பன்முகத்தன்மை ஆகாது. முன்பும் பின்பும் என்று இரு படங்களை அருகருகே வைப்பதை முற்றாக நிறுத்துங்கள். அளவுநாடாவால் சுற்றிய ஆப்பிளும் வேண்டாம்.

திருத்திய படங்களுக்கு முத்திரையிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பிரான்ஸ் 2017 அக்டோபர் முதல் விளம்பரங்களில் மாடல்களின் உடலளவைத் திருத்திய படங்களுக்கு அறிவிப்பைக் கட்டாயமாக்கியது. நார்வே 2022 ஜூலையில் அதைப் போன்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லது. ஆனால், இத்தகைய முத்திரைகளைப் பற்றிய சோதனைகளில், அவற்றைப் பார்த்தவர்களின் உடல் அதிருப்தி பெரும்பாலும் குறையவே இல்லை; கண் படத்தைப் பார்த்துவிட்ட பிறகு வாசகம் வந்து அதை அழித்துவிடுவதில்லை. படத்தையே மாற்றுவதுதான் வழி. விளம்பரங்களுக்கும் இதுவே பொருந்தும்: படங்களைப் பகிரும் தளமான பின்ட்ரெஸ்ட் 2021 ஜூலையில் எடைகுறைப்பு விளம்பரங்கள் அனைத்துக்கும் தடை விதித்தபோது, பெரிய வணிகத் தளம் ஒன்றாலும் அந்த வருவாயைத் துறக்க முடியும் என்பது தெரிந்தது.

படி 7: தானியங்கிப் பரிந்துரைக்கு எல்லை வகுத்திடுங்கள்

ஒருவர் உணவுக்கட்டுப்பாடு பற்றிய ஒரு காணொளியை முழுதாகப் பார்த்தார் என்பதற்காக, அடுத்த பத்தையும் அதைப் போலவே தருவது நிரலுக்கு எளிது. இந்தத் தலைப்பு வேண்டாம் என்று ஒரே தட்டில் சொல்லவும், பரிந்துரைகளை வெறுமையாக்கி முதலிலிருந்து தொடங்கவும் வழி இருக்க வேண்டும். பட்டினியையோ வாந்தியையோ தேடும் சொற்களுக்கு முடிவுகளைக் காட்டாமல், உதவி எண்ணையும் அன்பான சில வரிகளையும் காட்டுங்கள்.

உரையாடல் ரோபோக்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் தேசிய உண்ணும் கோளாறுகள் சங்கம் டெஸ்ஸா என்ற ரோபோவை வைத்திருந்தது. உதவி தேடி வந்தவர்களுக்கு அது கலோரியைக் குறைக்கவும் வாரந்தோறும் எடைபார்க்கவும் ஆலோசனை சொன்னது தெரியவந்ததும் 2023 மே மாத இறுதியில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. இந்தத் துறைக்கென்றே இருக்கும் அமைப்புக்கே இது நேர்ந்தது என்றால், பொதுவான சுகாதாரச் செயலி ஒன்று மனிதரின் மேற்பார்வையின்றி இப்படியொரு ரோபோவை வெளியிடுவது பொறுப்பான செயலாகாது என்பது என் உறுதியான கருத்து.

படி 8: திரைக்கு வெளியே உள்ள இடங்களையும் பாருங்கள்

நாற்காலியும் வடிவமைப்புதான். கைப்பிடியுள்ள குறுகிய இருக்கைகள் மட்டுமே இருக்கும் காத்திருப்பு அறை, பெரிய உடலுடையவரை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுகிறது. கைப்பிடியில்லாத அகலமான இருக்கைகளைத் தனி மூலையில் வைக்காமல் மற்றவற்றோடு கலந்து போடுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை எல்லா அளவிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்: மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்கு வழக்கமான பட்டையைக் கட்டினால் அளவு சுமார் 20 மில்லிமீட்டர் பாதரசம் கூடுதலாகக் காட்டும் என்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. இல்லாத நோய்க்கு மருந்து எழுதப்படுவதற்கு அது போதும். எடைபார்க்கும் கருவி நடைபாதையில் வேண்டாம், தனியறையில் இருக்கட்டும். எடை தேவைதானா என்று நோயாளி கேட்கலாம் என்பதும், எண்ணைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொள்ளலாம் என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கட்டும்.

உணவகங்களில், இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் 250 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் மெனுவில் கலோரியை அச்சிட வேண்டும் என்பது சட்டம். வாடிக்கையாளர் கேட்டால் கலோரி இல்லாத மெனுவைத் தரலாம் என்றும் அதே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கேட்பதற்கே கூச்சப்படுபவர்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது. இரண்டு மெனுக்களையும் மேசையிலேயே வைத்துவிட்டால் யாரும் வாய்திறந்து எதையும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் சிறிய தட்டு, சிறிய கிண்ணம் போன்ற தந்திரங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். அவற்றைப் புகழ்பெறச் செய்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்கின் ஆய்வுகளில் ஆறினை, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா குழும இதழ்கள் 2018இல் ஒரே சமயத்தில் திரும்பப் பெற்றன. அத்தகைய தந்திரங்கள் பலித்தாலும்கூட, உண்பவருக்குத் தெரியாமல் அவரைக் குறைவாக உண்ணவைப்பது நல்லுறவை வளர்க்கும் வழி அன்று.

படி 9: எதை வெற்றி என்று எண்ணுவது

தினமும் எத்தனை முறை திறக்கிறார்கள், எத்தனை நிமிடம் இருக்கிறார்கள் என்பவைதாம் வழக்கமான அளவீடுகள். உணவுச் செயலியை ஒருவர் நாளொன்றுக்கு இருபது முறை திறந்தால் அது வெற்றியாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். அந்த எண்ணால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, சில வாரங்களுக்கு ஒருமுறை, விருப்பமுள்ளவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள்: இதைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு உணவைப் பற்றிய கவலை கூடியதா, குறைந்ததா? பதிவு செய்ய முடியாது என்பதற்காக ஏதாவது உணவையோ விருந்தையோ தவிர்த்தீர்களா? செயலியைத் திறக்காத நாளில் எப்படி உணர்ந்தீர்கள்? கவலை கூடியது என்ற பதில்கள் அதிகரித்தால், வருவாய் ஏறிக்கொண்டிருந்தாலும் அந்த வசதியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள். அதிகாரம் பெற்றவரின் பெயர் இல்லாத கொள்கை, நெருக்கடி வரும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

கடைசியாக, வெளியேறும் வழி. கணக்கை நீக்கும் பொத்தான் அமைப்புகளின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் முன்னேற்றத்தை இழந்துவிடுவீர்கள் என்ற மிரட்டல் இல்லாமல், ஒரே உறுதிப்படுத்தலோடு முடிய வேண்டும். மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ காட்ட விரும்புபவர்கள் தம் குறிப்புகளை எண்களோடும் எண்கள் இல்லாமலும் பதிவிறக்கிக்கொள்ளலாம். சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பலர் இத்தகைய செயலிகளை நீக்குகிறார்கள் என்பதால், நீக்கியவருக்குத் திரும்பி வரச் சொல்லும் மின்னஞ்சல் ஒன்றுகூடப் போகாதபடி அந்த முகவரியை அன்றே பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள்.